கிறிஸ்துமஸ் பாட்டுக்குள் பெரிய வெள்ளி ராகம்

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று டிசம்பர் ஆகிவிட்டது. முதல் இரண்டு வருடமும் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போனேன், மசாலா போட்ட சூடான ஒயின் குடித்தேன், போட்டோ எடுத்தேன், அவ்வளவுதான். இந்த முறை தோமா ஆலயத்தில் இசையமைப்பாளர் பாக்கின் ‘கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ’ கேட்கப் போனேன்; வேதாகமக் கதையைப் பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் பெரிய படைப்பு அது. இன்னும் மனசு அதிலேயே நிற்கிறது.

1723 முதல் 1750 இல் சாகும்வரை பாக் இசைப் பொறுப்பில் இருந்த ஆலயம் இது. அவருடைய கல்லறையும் 1950 முதல் பீடத்துக்கு முன்னால் தரையிலேயே இருக்கிறது. அவர் நடத்திய சிறுவர் பாடகர் குழு 1212 இல் தொடங்கியது, இன்றும் பாடுகிறது.

எனக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால் ஒரு மலிவான இடம். முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பின்பக்க மாடத்தில் ஆர்கனுக்கு முன்னால் நிற்கிறார்கள். பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். கச்சேரி என்றால் பாடகரின் முகத்தையும் கையையும் பார்த்தே கேட்டுப் பழகிய எனக்கு, கேட்பது ஒன்றே வேலையாக இருந்தது புதிதாக இருந்தது. பக்கத்தில் ஈரக் கோட்டு வாசனை, கால் விரலெல்லாம் குளிர். திடீரென்று பின்னால் மேலேயிருந்து முரசு மட்டும் தனியாக முழங்கியது. அந்த இசையை பாக் முதலில் எழுதியது 1733 இல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்கு. ‘முரசுகளே, முழங்குங்கள்’ என்றுதான் அந்தப் பாட்டு தொடங்கும். அடுத்த வருடம் அதையே எடுத்து, வார்த்தையை மாற்றி, இயேசுவின் பிறப்புக்கு வைத்துவிட்டார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். சபையார் பாடுவது போன்ற ஒரு கீதம் மெதுவாக வந்தது. இரண்டாவது வரிக்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அது இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் நாளில் நாங்கள் பாடும் பெரிய வெள்ளி ராகம். ‘இரத்தம் காயம் குத்தும்’ என்று பொறையாறு ஆலயத்தில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பாடிய அதே ராகம், பிள்ளை பிறந்த பாட்டுக்குள்! தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பங்களில் ‘லைப்சிக் மிஷன்’ என்ற மிஷனரி சங்கத்தின் பெயர் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்த ஹாலே நகரமும் இங்கிருந்து ரயிலில் அரை மணி தூரம்தான். அந்த ராகம் எந்த வழியாக எங்கள் ஊருக்கு வந்தது என்று சிறுவயதில் யோசித்ததே இல்லை.

அந்த ராகம் முதலில் 1601 இல் வெளியான ஒரு காதல் பாட்டுக்கு உரியது. பாக் காலத்தில் அதற்குப் பல பாடல்கள் இருந்தன, அதனால் அவர் சிலுவையை நினைத்துத்தான் வைத்தார் என்று சொல்ல முடியாது என்பவர்கள் உண்டு. சரி, இருக்கட்டும். எனக்குத் தொட்டிலும் சிலுவையும் ஒன்றாகத்தான் கேட்டது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தப் படைப்பு ஒரே கச்சேரி அல்ல. 1734 டிசம்பர் 25 தொடங்கி 1735 ஜனவரி 6 வரை ஆறு நாட்களுக்கு ஆறு பகுதிகளாக, ஆராதனைக்குள் பாடப்பட்டது. இன்று பல இடங்களில் டிசம்பரில் முதல் மூன்றை மட்டும் பாடுகிறார்கள், ஜனமும் கேட்டுவிட்டுப் பண்டிகை முடிந்தது என்று போய்விடுகிறது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஜனவரியில் வேறோர் ஆலயத்தில் மீதி மூன்றையும் கேட்டேன், பாதி இருக்கைகள் காலி. ஆறாவது பகுதியின் கடைசியில் அதே பெரிய வெள்ளி ராகம் திரும்பி வருகிறது. இந்தத் தடவை அழுகையாக இல்லை, எக்காளமும் முரசும் சூழ, வெற்றி முழக்கமாக. சாவும் பாவமும் தோற்றுப்போயின என்று பாடுகிறார்கள். முதல் பகுதியில் அந்த ராகத்தைக் கேட்டவர்கள் இதைக் கேட்காமல் போகவே கூடாது.

ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். லூக்காவும் மத்தேயுவும் சொல்லும் கதைதான், மேய்ப்பர்கள் வரும் இடமும் ஏரோது வரும் இடமும் தானாகப் புரியும். டிசம்பரில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் சந்தைக்கும் போங்கள், ஒரு மாலையை ஆலயத்துக்கும் வையுங்கள். முடிந்தால் ஜனவரி 6 வரை இருங்கள்.

ஜனவரியில் அந்த மீதியைக் கேட்ட இரவு அம்மாவுக்கு போன் செய்து, அந்தக் கடைசிப் பாட்டின் ராகத்தை முனகிக் காட்டினேன். “பெரிய வெள்ளிப் பாட்டை ஏண்டா இவ்வளவு சந்தோஷமா பாடுறே?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக அவரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார், தமிழில்.