சபையைப் பாடவிடுங்கள், ஐயா!

கடந்த ஞாயிறு காலை ஆராதனையில் எங்கள் கோவிலில் பாடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் மேடையில் நின்றவர்கள். கீழே பெஞ்சுகளில் இருந்த முந்நூறு பேரும் பாட்டு முடியும்வரை சும்மா நின்றுவிட்டு, ஆமென் சொல்லி உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சபையில் பாட்டு நடத்துகிறவன் நான். அன்று என் முறை இல்லாததால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வயிறு எரிந்தது. இன்னும் அடங்கவில்லை.

எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் பாதி அவருக்கு மனப்பாடம். அன்றைய இரண்டாவது பாட்டு பழைய கீர்த்தனை. பல்லவி தொடங்கியதும் பாட்டியின் முகம் மலர்ந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைப் பாடினார். அனுபல்லவி மேலே ஏறியது. பாட்டியின் குரல் கீச்சென்று உடைந்தது. கீழ் ஸ்தாயியில் பிடிக்கப் பார்த்தார், அங்கே தொண்டை எட்டவில்லை. வாயை மூடிக்கொண்டார். உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. முந்தானை நுனியைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டார். தான் வாழ்நாளெல்லாம் பாடிய பாட்டு காதில் விழாமல் அடைத்துக்கொண்டு நின்றார் அந்தக் கிழவி.

ஆராதனை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் நேராகப் போனேன். "எத்தனை கட்டையில் வைத்தாய்?" என்று கேட்டேன்.

"நாலு கட்டை, அண்ணாச்சி. யூடியூபில் அந்த அக்கா நாலு கட்டையில்தான் பாடியிருக்கிறார்கள். இறக்கினால் எடுப்பாக இருக்காது."

கட்டை என்பது பாட்டின் சுருதி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்கான அளவு; எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அந்த அக்கா பயிற்சி பெற்ற பாடகி. ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனை முறை பாடி எந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்களோ! சபை அப்படியா? லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார், பீடி சுற்றுகிறவர் இருக்கிறார், வாரமெல்லாம் வகுப்பறையில் கத்திக் குரல் கம்மிப்போன ஆசிரியை இருக்கிறார், குரல் உடைகிற வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். பயிற்சியில்லாத தொண்டைக்கு ஒரு ஸ்தாயியும் (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த மேல் 'ஸ' வரை) அதற்கு மேல் இரண்டு மூன்று சுரங்களும்தான் வசப்படும். பாட்டின் உச்சம் கீபோர்டில் மேல் டி-யோடு நின்றால் சபை முழுவதும் பாடும். இ-க்குப் போனால் பாதிப் பேர் திணறுவார்கள். நாலு கட்டையில் வைத்த பாட்டு மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, தொட்டாலே எஃப்; அது இ-க்கும் மேலே. அதற்கும் மேலே அனுபல்லவி போனால் யார் பாடுவது? அந்தக் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. மூன்று முறை கீழ்நோக்கி அழுத்தினால் இரண்டு கட்டை வந்துவிடும். மூன்றே மூன்று அழுத்து! அதைச் செய்யாமல் முந்நூறு பேரின் வாயை அடைத்திருக்கிறார்கள். சுருதியை ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலைக் கொண்டுவந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் நம்மைப் போல ஒரு சபையில் உட்கார்ந்து கீர்த்தனை பாடியவர்தான். அவர் பிறந்த சமூகத்தில் இன்று சபைக்கேற்ற கட்டை வைக்க ஆளில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். எங்கள் கோவில் உயர்ந்த கூரையும் கல் சுவரும் கொண்ட பழைய கட்டடம். மைக் இல்லாத காலத்தில், மனிதக் குரலுக்காகக் கட்டியது. பீடத்தில் நின்று நிதானமாகப் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். அதற்குள் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கை நிறுத்தியிருக்கிறார்கள். மின்சாரத் தாளக் கருவியான ரிதம் பேடில் ஓர் அடி விழுந்தால் சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த அடி விழுகிறது. பாட்டின் சொற்கள் அந்த இரைச்சலில் கரைந்துபோகின்றன. செல்பேசிச் செயலியில் அளந்தேன், நூறு டெசிபலை ஒட்டி நின்றது. சபை எப்படிப் பாடுகிறது என்பது பாட்டு நடத்துகிறவனுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழுந்தால்தான் நமக்கு வாய் திறக்கும். தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் எவனும் இரண்டு வரிக்கு மேல் பாடமாட்டான். கூச்சமுள்ளவர்கள், சுருதி பிசகுமோ என்று பயப்படுகிறவர்கள், பாட்டு புதிதாகையால் தயங்குகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் குரலைப் பற்றிக்கொண்டுதான் பாட்டுக்குள் வருகிறார்கள். அந்தப் பிடியைத்தான் இந்தப் பெட்டிகள் அறுத்துவிட்டன.

இதையெல்லாம் செய்துவிட்டு மேடையில் நிற்கிற பாட்டுத் தலைவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறீர்கள்? உற்சாகமாகப் பாடுங்கள்! இரட்சிப்பின் சந்தோஷம் உங்களுக்கு இல்லையா?" எண்பது வயதுப் பாட்டியைப் பார்த்து, ஐம்பது வருடமாக ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவரைப் பார்த்து, முந்தாநாள் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தவரைப் பார்த்து இந்தக் கேள்வி! பாட முடியாத உயரத்தில் பாட்டை வைத்தது நீங்கள், கேட்க முடியாத சத்தத்தில் போட்டது நீங்கள். பிறகு விசுவாசம் குறைந்தது சபைக்கா? எனக்கு மிக அதிகமாகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் உடனே நூற்றைம்பதாம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பேரோசையுள்ள கைத்தாளங்களால் துதிக்கச் சொல்லியிருக்கிறதே என்கிறார்கள். சொல்லியிருக்கிறது. எக்காளமும் வீணையும் தம்புரும் யாழும் அங்கே இருக்கின்றன, எனக்கு மறுப்பே இல்லை. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். சுவாசமுள்ள யாவும் துதிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சங்கீதம் முடிகிறது. பெஞ்சுகளில் சுவாசத்தோடு நின்ற முந்நூறு பேர் அந்தக் கணக்கில் சேரவில்லையா?

பழைய பாட்டு நல்லது, புதிய பாட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. புதிய பாடல்களில் அருமையானவை உண்டு. நானே சபைக்குப் பல பாட்டுகள் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கற்றுக்கொடுத்தேன். ஒரு வரி பாடிக் காட்டி, சபை திருப்பிப் பாடி, மூன்று வாரம் அதே பாட்டை வைத்து, நான்காவது வாரம் நான் வாயை மூடினாலும் அவர்கள் பாடும்படி செய்தேன். இப்போது சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து பாட்டு வருகிறது. அதில் மூன்று யாருக்கும் தெரியாதவை. தெரிந்த பாட்டிலும் தலைவர் நினைத்த இடத்தில் குரலை வேகமாக உருட்டிப் பிருகா போடுகிறார், இரண்டாம் சரணத்தைத் தாண்டி நான்காம் சரணத்துக்கு ஓடுகிறார், கண்ணை மூடிக்கொண்டு பல்லவியைப் பதினோரு முறை திருப்புகிறார். பின்னால் வருகிற ஜனம் எந்த வரியைப் பிடிப்பது?

திரையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வரி பாடி முடித்த பிறகுதான் அது திரையில் தோன்றுகிறது, அது பழகிவிட்டது. அன்று 'ஒளியே' என்று வரவேண்டிய இடத்தில் 'ஒழியே' என்று இருந்தது. 'பலி' என்பது 'பழி' ஆகியிருந்தது. கர்த்தரை நோக்கி 'ஒழியே' என்று பாட வைத்திருக்கிறார்கள்! தட்டச்சு செய்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவசரத்தில் செய்திருப்பார். வெள்ளிக்கிழமையே ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தால் போதும். சபை எதை வாய்விட்டுச் சொல்லப்போகிறது என்று பார்க்கக்கூட ஆளில்லாமல் நடப்பதற்கு ஆராதனை என்று பெயரா?

1524இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் பாட்டுகள் ஜெர்மன் மொழியில் சிறு புத்தகங்களாக அச்சானபோது, குருமாரும் பாடகரும் லத்தீனில் பாட ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்ற காலம் அது. அந்தப் பாட்டைப் பிடுங்கி ஜனங்களின் வாயில் வைத்தார்கள். நம் ஊரில் 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களையும் பிறர் பாடல்களையும் திரட்டிச் சபைகளுக்கென்று புத்தகமாக்கினார். சாஸ்திரியார் அப்போது எண்பதை நெருங்கிய வயதில் உயிரோடு இருந்தார். படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே இருந்த சபைகளில், நம் ராகத்திலும் தாளத்திலும் அமைந்த அந்தக் கீர்த்தனைகள் காதுவழியாகவே பரவின. என் சிறுவயதில் எங்கள் ஊர் உபதேசியார் ஓர் அடியைப் பாடுவார், சபை அதைத் திருப்பிப் பாடும். அப்படித்தான் அந்தப் பாட்டிக்கு அத்தனையும் மனப்பாடம் ஆனது. மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலைப் பாட்டுகளுக்கு என் அப்பா எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீலக் கோடு போட்ட தாளில், சுரங்களை எழுத்துகளால் குறிக்கிற டானிக் சால்ஃபா முறையில், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார். மேலே ஏற முடியாதவர்களுக்கு ஆல்ட்டோ இருந்தது, கட்டைக் குரல் ஆண்களுக்கு பேஸ் இருந்தது. யாருடைய தொண்டைக்கும் ஓர் இடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனம் பாடியது; திரையும் ஸ்பீக்கரும் வந்தபின் பட்டதாரிகள் வாய்மூடி நிற்கிறார்கள்.

"இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பாடவே ஆர்வமில்லை" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். பொய். புதன்கிழமை எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் அடக்கம். வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு அரைக் கிலோமீட்டர். மைக் இல்லை, கீபோர்டு இல்லை. எங்கள் போதகர் ஐயர் முன்னால் நடந்தார், நான் ஒன்றரைக் கட்டைக்குக் கிட்டத்தில் பாமாலையை எடுத்துவிட்டேன். இரண்டாவது வரிக்குள் தெரு நிறையக் குரல். லாரி ஓட்டுகிற அந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பவர், சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் சுமந்துகொண்டு பேஸ் பாடினார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் அப்பாவின் பக்கத்தில் நின்று பாடிப் பழகிய பேஸ். பாட்டியும் மெல்ல நடந்து வந்தார். காதில் எதையும் செருகவில்லை.

அதே ஜனம். அதே தொண்டை.

இரண்டு ஆண்டுக்கு முன் அந்த ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கியபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்களே, மனம் நோகுமே என்று பொறுத்தேன். அது என் தவறு. சபையாரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது. கிட்டார் வாசிக்கிற பெண்ணின் விரலில் அவ்வளவு தாளக்கட்டு. அவர்களை மேடையிலிருந்து இறக்க நான் கேட்கவில்லை. சபையின் குரலுக்குக் கீழே வாசியுங்கள் என்றுதான் கேட்கிறேன். கடைசிச் சரணத்தில் வாத்தியங்கள் எல்லாம் நிற்கட்டும், ஜனங்கள் பாடட்டும், நீங்களும் கேளுங்கள் என்கிறேன்.

வருகிற ஞாயிறு என் முறை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. பாட்டுகளின் பட்டியலை இன்றே எழுதி, கட்டையையும் பக்கத்தில் குறித்து ஐயரிடம் கொடுத்துவிட்டேன். நான்கு பெட்டிகளில் இரண்டின் வயர் கழற்றப்பட்டிருக்கும். கீபோர்டு இரண்டு கட்டையில் நிற்கும். அதை ஏற்ற யாராவது கை வைத்தால், பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாட்டியிடம் பல்லவியை எடுத்துத் தரச் சொல்வேன்.