ஒட்டகத்துக்கு லைக், டீசலுக்கு யார்?

கென்யாவில் ஒட்டகத்தின் முதுகில் புத்தகப் பெட்டி போகும் படம் மறுபடி சுற்றில் இருக்கிறது. எல்லோரும் ஒட்டகத்தைக் கொஞ்சுகிறார்கள். எனக்கு அந்த நடமாடும் நூலகத் திட்டத்தில் பிடித்தது, ஒட்டகம் திரும்பி வருவது.

சோமாலிய எல்லையை ஒட்டிய கரிஸ்ஸாவில் 1996இல் கென்ய தேசிய நூலகத் துறை அதைத் தொடங்கியது. மணலில் வண்டி புதைந்துவிடும் பகுதி. ஆடு மாடுகளோடு மேய்ச்சலைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும் மக்கள். நூலகக்காரர்கள் கூடாரம் அடித்து, பாய் விரித்து, பெட்டியைத் திறப்பார்கள். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துப்போய் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஒட்டகம் வரும்போது கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம்.

நம்மூரில் பல இடங்களில் இந்த ‘அடுத்த முறை’தான் இல்லை. மலைக்கிராமத்துக்கு ஒரு நாள் வேன் போகும். பேனர், குரூப் போட்டோ, கண்ணாடி அலமாரி. அப்புறம் அலமாரியைப் பூட்டிவிடுவார்கள், புத்தகம் கிழிந்துவிடுமாம்!

போகிற புத்தகங்களாவது ஒழுங்கா? ஒருமுறை நன்கொடையாக வந்த மூட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். பழைய வங்கித் தேர்வு கைடு, இரண்டாம் பாகம் மட்டும் உள்ள நாவல், யாரோ பாதி எழுதிய டைரி. நாலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில் படத்தோடு இருந்தவை ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்ற நினைப்பு. பரணைக் காலி செய்வதற்கு தானம் என்று பெயர்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிது இல்லை. 1931 அக்டோபரிலேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கான தமது ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அதில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். வங்கித் தேர்வு கைடை மலைக்கு அனுப்புகிறவர்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

நடமாடும் நூலகத்துக்குப் பெரிய செலவு புத்தகம் இல்லை. டீசல், டயர், ஓட்டுநர் சம்பளம், எந்தப் பிள்ளை எதை எடுத்தது என்று நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை அதற்கேற்ப எடுத்துப்போகும் ஒரு ஆள். இதற்கெல்லாம் பேனர் கட்ட முடியாது, அதனால் ஸ்பான்சரும் சிக்க மாட்டார்.

சரி, இப்படி மாதாமாதம் ஒரே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். புத்தகம் அனுப்ப மாட்டேன். ஒரு மாத டீசல் என் கணக்கு.