37 – 0

ஒரு ஸ்கோர் இரண்டு வருடமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தின் ஸ்கோர் இல்லை. பெஞ்சின் ஸ்கோர்.

2024 ஏப்ரல் 7, கிளீவ்லாந்து. அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி. தென் கரோலினா 87, அயோவா 75. மாற்று ஆட்டக்காரர்களாக உள்ளே வந்தவர்கள் போட்ட புள்ளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் தென் கரோலினா 37, அயோவா பூஜ்யம். அந்த சீசனில் தென் கரோலினா பெண்கள் ஆடியது 38 ஆட்டம், வென்றதும் 38. ஆனால் நம்மூரில் அந்த இறுதிப் போட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரிடம் கேட்டாலும், "கெய்ட்லின் கிளார்க் ஆடிய ஃபைனல்தானே?" என்பார்கள். தோற்றுப்போன அணியின் நட்சத்திரம் பெயரில்தான் அந்த ஆட்டமே ஞாபகம் இருக்கிறது. அதுதான் இத்தனை நாள் கழித்தும் என்னை எழுத வைக்கிறது.

கிளார்க் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 3,951 புள்ளிகள். ஆண்கள், பெண்கள் இரண்டையும் சேர்த்து, உச்ச நிலையான முதல் டிவிஷன் கல்லூரிக் கூடைப்பந்தில் அவ்வளவு புள்ளி எடுத்தவர் யாரும் இல்லை. அந்த இறுதிப் போட்டியை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். அதே வருடம் ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அதில் பெரும்பங்கு கிளார்க்கைப் பார்க்க வந்த கூட்டம்தான். ஆட்டம் முடிந்து கோப்பை வாங்கும் மேடையிலேயே தென் கரோலினா கோச் டான் ஸ்டேலி, இந்த விளையாட்டைத் தூக்கி நிறுத்தியதற்காகக் கிளார்க்குக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். ஜெயித்த கோச் தோற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிறார். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் கதை அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ஒரு வருடம் பின்னால் போகிறேன். 2023 மார்ச் 31, டல்லாஸ். அப்போதும் தென் கரோலினா ஒரு தோல்விகூட இல்லாமல் 36 – 0 என்று அரையிறுதிக்கு வந்திருந்தது. எதிரில் அயோவா. கிளார்க் 41 புள்ளி எடுத்தார், 77 – 73 என்று தென் கரோலினாவின் கதை முடிந்தது. அந்த ஆட்டத்தில் ஒரு காட்சி. ரேவன் ஜான்சன் என்ற தென் கரோலினா பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்), மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். அவரைக் காவல் காக்க வேண்டிய கிளார்க் பக்கத்திலேயே போகவில்லை. கையை ஒரு வீசு வீசிவிட்டுப் பின்வாங்கிவிடுகிறார். எறிந்தால் எறிந்துகொள், நீ போட மாட்டாய் என்று அர்த்தம். ஆட்ட உத்தியாகப் பார்த்தால் அது சரியான முடிவுதான், கோச்சுகள் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். ஆனால் அந்தச் சில நொடி வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. சிரித்தார்கள், மீம் போட்டார்கள். கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று நினைத்ததாக ரேவன் பிறகு சொன்னார். முழங்கால் காயத்தில் முதல் வருடத்தையே இழந்து திரும்பி வந்த பிள்ளை அது.

தோல்விக்குப் பிறகு அணியில் தொடக்க ஐவரும் போய்விட்டார்கள். ஐந்து பேருமே. அலியா பாஸ்டன் அந்த ஆண்டு அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் லீகான டபிள்யூஎன்பிஏ-வுக்குப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். ஒரு அணியில் இரண்டு பேர் போனாலே அடுத்த வருடம் தடுமாறும். இங்கே மீதி இருந்தவர்கள் யார்? முந்தின வருடம் வரை பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடியவர்கள், புதிதாகக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள். அவ்வளவுதான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கல்லூரியில் மூன்று வருடம் அணியில் இருந்தேன். பெரும்பாலும் பெஞ்சில்தான். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு உடம்பு ஆறிக்கொண்டே போகும், மனசு மட்டும் சூடாக இருக்கும். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசி இரண்டு நிமிடத்துக்கு உள்ளே அனுப்புவார்கள். போன வேகத்தில் ஒரு பாஸை விட்டால் "இதுக்குத்தான் இவளை இறக்குறதில்லை" என்று காதில் விழும். அதனால்தான் யார் எந்த அணியை ஆதரித்தாலும் என் கண் முதலில் பெஞ்சைத் தேடிப் போகும். அங்கே இருப்பவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், கோச் அவர்கள் பக்கம் எத்தனை முறை திரும்புகிறார் என்று பார்ப்பேன்.

தென் கரோலினாவின் அந்த சீசன் 2023 நவம்பர் 6-ஆம் தேதி பாரிஸில் தொடங்கியது. நாட்டர்டேம் அணியை 100 – 71 என்று அடித்தார்கள். மிலேசியா ஃபுல்வைலி என்ற முதலாண்டு மாணவி முதுகுக்குப் பின்னால் பந்தை மாற்றி, ஓட்டத்திலேயே கூடையில் போட்ட ஒரு ஷாட் அன்று எல்லா இடத்திலும் சுற்றியது. அந்தப் பிள்ளைக்கு அதுதான் கல்லூரியில் முதல் ஆட்டம். தொடக்க ஐவரில்கூட இல்லை!

அப்புறம் வரிசையாக வெற்றிகள்தான், எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கு. அந்த வருடம் அயோவாவில் கிளார்க்கின் சராசரி ஒரு ஆட்டத்துக்கு 31 புள்ளிக்கு மேல். தென் கரோலினாவில் அதிகபட்சச் சராசரி வைத்திருந்தவர் கமிலா கார்டோசோ, 14 புள்ளி சொச்சம். அவரும் பிப்ரவரியில் பிரேசில் தேசிய அணிக்கு ஆடப் போனபோது, அவர் இல்லாமலேயே யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியை 83 – 65 என்று ஜெயித்தார்கள். யார் இல்லாவிட்டாலும் அந்த அணி நின்றது.

கார்டோசோவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. ஆறடி ஏழு அங்குலம். பிரேசிலின் மோன்டெஸ் கிளாரோஸ் ஊர்க்காரர். 15 வயதில் தனியாக அமெரிக்கா வந்தவர். கூடைக்கு அடியில் நின்று ஆடுவதுதான் அவர் வேலை, தூரத்திலிருந்து எறிவது அவர் ஆட்டத்திலேயே கிடையாது. மார்ச் 9-ஆம் தேதி, தென் கரோலினா ஆடும் வட்டார லீகான எஸ்இசி-யின் தொடரில் அரையிறுதி. முதல் பாதியில் 23 புள்ளி முன்னிலையில் இருந்த ஆட்டத்தை டென்னஸி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்துவிட்டது. 73 – 71 என்று டென்னஸி முன்னிலை. மீதி இருப்பது 1.1 விநாடி. அத்தனை மாதமும் காப்பாற்றி வந்த தோல்வியில்லாத கணக்கு அங்கேயே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பந்து பக்கவாட்டிலிருந்து உள்ளே வருகிறது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்ற கார்டோசோ கையில் விழுகிறது. எறிகிறார். பலகையில் பட்டு, வலைக்குள். 74 – 73. கல்லூரி வாழ்க்கையில் அவர் போட்ட முதல் த்ரீ பாயிண்டர் அது.

அதை அதிர்ஷ்டம் என்று எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு விநாடியில் த்ரீயே போடாத ஒரு பிள்ளை தயங்காமல் எறிந்தாள் பாருங்கள், அதை நான் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மறுநாள் எல்எஸ்யூ-வுடன் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அதே தொடரின் இறுதியாட்டத்தில் கைகலப்பு. எதிரணிப் பெண்ணைத் தள்ளிவிட்டதற்காகக் கார்டோசோ வெளியேற்றப்பட்டார், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. தவறு தவறுதான், அவரே மன்னிப்பும் கேட்டார். தேசியத் தொடரின் முதல் சுற்றில் அவர் இல்லாமல் பிரெஸ்பிடீரியன் அணியை 91 – 39 என்று முடித்தார்கள். இண்டியானாவுடன் மட்டும் உயிர் போய் உயிர் வந்தது. 22 புள்ளி முன்னிலை கரைந்து, கடைசியில் 79 – 75. அந்த நெருக்கடியில் ஒரு த்ரீ போட்டு மூச்சு விட வைத்தவர் யார் தெரியுமா? ரேவன் ஜான்சன். "நீ போட மாட்டாய்" என்று கைவீசப்பட்ட அதே ரேவன்.

சரி, இறுதிப் போட்டிக்கு வருகிறேன். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி அரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, நான் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் அயோவா 10 – 0. கிளார்க் முதல் குவார்ட்டரில் மட்டும் 18 புள்ளி. ஃபைனலில் ஒரு குவார்ட்டரில் அத்தனை புள்ளி அதுவரை யாரும் எடுத்ததில்லை. போச்சு, மறுபடியும் டல்லாஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேலி பதறவில்லை, பெஞ்சைத் திறந்தார். டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாண்டு மாணவி உள்ளே வந்து 19 புள்ளி போட்டார். அன்று தென் கரோலினாவில் அதுதான் அதிகபட்சம். நாட்டிலேயே பெரிய ஆட்டம், எதிரில் அந்தத் தலைமுறையின் பெரிய நட்சத்திரம், அதிகப் புள்ளி எடுத்தவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பெண். ஃபுல்வைலி வந்தார், இன்னும் சிலர் மாறி மாறி வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் புதுக் காலோடு ஓடினார்கள். அயோவாவின் ஐந்து பேருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் தென் கரோலினா 51, அயோவா 29. கார்டோசோ மட்டும் 17 ரீபவுண்ட். கடைசி மூன்று குவார்ட்டரும் சேர்த்துக் கிளார்க்கால் 12 புள்ளிதான் எடுக்க முடிந்தது.

அவரைக் காவல் காத்தவர்களில் முக்கியமானவர் ரேவன். முதல் பாதி முடியும் தறுவாயில் மைதானத்தின் நடுவில் கிளார்க்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, தனியாக ஓடிப் போய்க் கூடையில் போட்டார். நான் சத்தத்தைக் குறைத்து வைத்தது வீண். நான் கத்தியதில் வீடே எழுந்துவிட்டது.

தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆன பத்தாவது அணி அது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் மகளிர் தொடர் தொடங்கிய 1982-லிருந்து பத்தே பத்து முறை, அதில் ஆறு யூகான் அணியுடையது. முதல் டிவிஷன் கூடைப்பந்தில் தோல்வியில்லாத சீசனை முடித்த முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஸ்டேலிதான், ஆண்கள் பெண்கள் இரண்டிலும். பிலடெல்பியாவின் வடக்கே ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2008-ல் தென் கரோலினா வந்தபோது அவருடைய முதல் சீசன் 10 வெற்றி, 18 தோல்வி. அந்த 18 தோல்வியைப் பார்த்துவிட்டு நிர்வாகம் அவரை அனுப்பியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. நம்மூரில் ஒரு பெண் கோச்சுக்கு அத்தனை பொறுமை காட்டுவார்களா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-ல் சான் ஆன்டோனியோவில் நடந்த இதே மகளிர் தொடரில், பெண்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் என்று வைத்திருந்தது ஒரே ஒரு சின்ன டம்பெல் அடுக்கு. ஆண்களுக்கோ ஒரு பெரிய கூடமே. ஆரிகன் அணியின் ஸெடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அப்போது ஸ்டேலியும் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அந்த ஆரிகன் அணியில் முதலாண்டு மாணவியாக இருந்த டீஹினா பாவ்பாவ், மூன்று வருடம் கழித்துக் கிளீவ்லாந்தில் தென் கரோலினா சீருடையில் கோப்பையைத் தொட்டார். ஒரு டம்பெல் அடுக்கிலிருந்து ஆண்கள் ஃபைனலைத் தாண்டிய கூட்டம் வரை மூன்றே வருடம். அதைக் கிளார்க் ஒருவர் மட்டும் தூக்கிச் சுமக்கவில்லை.

கூடைப்பந்தில் ஜெயித்தவர்கள் ஏணியில் ஏறி வலையை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். 1999-ல் பர்டியூ அணியோடு சாம்பியன் ஆன கரோலின் பெக், அப்படிக் கிடைத்த வலையிலிருந்து ஒரு துண்டை 2015-ல் ஸ்டேலிக்குக் கொடுத்தார். மகளிர் தொடரைச் சாம்பியனாக முடித்த முதல் கறுப்பினப் பெண் கோச் பெக்தான். ஸ்டேலி 2017-ல் முதல் கோப்பையை வென்றார். பிறகு தன் வலையைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் டிவிஷனில் இருந்த கறுப்பினப் பெண் தலைமைக் கோச்சுகள் எல்லோருக்கும் அனுப்பி வைத்தார்.

உங்கள் வீட்டில் பள்ளி அணியிலோ கல்லூரி அணியிலோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு முகம் வாடி வரும் பெண் பிள்ளை இருந்தால், இந்த இறுதிப் போட்டியைத் தேடி எடுத்து அவளோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் குவார்ட்டரைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும், பரவாயில்லை. டெஸ்ஸா ஜான்சன் உள்ளே வருவது வரை காத்திருங்கள்.