மத்தியானத்துக்குள் வீடு திரும்புகிற சுற்றுலா

ஓய்வு பெற்ற ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் காசி, இந்த வாரம் அந்தமான். படங்களைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் யாராவது என்னை இழுத்துவிடுகிறார்கள். "நீங்க எப்பத்தான் கெளம்பப் போறீக? அந்த நாயைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்குக் கோட்டையூரிலேயே கிடப்பீக?" குழுவில் பதில் எழுத ஆரம்பித்தால் சண்டை வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வேலை முடிந்தது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, இனி எதுவும் நம்மைப் பிடித்து நிறுத்தக் கூடாது என்று ஒரு நினைப்பு நம் வயதுக்காரர்களிடம் பரவிக் கிடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேளைக்குச் சோறு கேட்கிற ஒரு ஜீவனும், நாலு நாள் பெருக்காவிட்டால் முகம் வாடிவிடுகிற ஒரு வீடும் இருப்பதால்தான் எனக்குப் பொழுது பொழுதாக இருக்கிறது. இவை இரண்டும் என்னைத் தூரம் போக விடுவதில்லை. சரி, பக்கத்தில் போகிறேன். பக்கத்தில் என்பதால் நினைத்தபோதெல்லாம் போகிறேன். லீவு எடுத்துக் காசு சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்பிய காலத்தில்கூட இவ்வளவு சுற்றியதில்லை.

சீயம் எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய். நெய்யில் பொரித்தெடுத்த சீயப் பலகாரத்தின் நிறமாக இருக்கிறான் என்று பேத்தி வைத்த பெயர். அவள் சென்னையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "அப்பத்தா, சீயம் சாப்பிட்டானா?" என்னையும் ஐயாவையும், அதாவது அவள் தாத்தாவையும், விசாரிப்பது அப்புறம்தான். அவன் சாப்பாடு ஒரு தனி வேலை. எங்கள் ஊர்க் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டுமே நாய்க்கு ஆகாது. ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அப்படித்தான், ஆபத்து. மிச்சக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் போடுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நான் கோழியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பைக் களைந்து, சோற்றோடு பிசைந்து வைப்பேன். "செட்டிநாட்டிலேயே மிளகாய் படாத கோழி திங்கிறது இவன் ஒருத்தன்தான்" என்பது வீட்டுக்காரரின் மாறாத வசனம். வருஷத்துக்கு ஒரு தரம் வெறிநாய்த் தடுப்பூசி போடும் நாளில் மட்டும் அவர் காணாமல் போய்விடுவார்.

பூனையும் ஒன்று உண்டு. பெயர் கிட்டங்கி. எங்கள் நகரத்தார், அதாவது செட்டியார்கள், ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பணப்பெட்டியோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் பெட்டியடி போட்டு, தொழிலும் தூக்கமும் ஒரே கூரைக்குக் கீழ் நடத்திய இடத்தின் பெயர் அது. எந்நேரமும் சாமான் அறையிலேயே குடியிருக்கிற பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது? எலி பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள்.

சீயத்தின் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் பயணங்களின் எல்லை. விடியலில் கிளம்பி மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், அதற்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் சுற்றுலாச் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரருடைய டிக்கெட் காசோடு முடிந்துவிடும். அந்தப் பொறாமை அவருக்கு இன்னும் தீரவில்லை.

பிள்ளையார்பட்டிக்கு எல்லாரும் போவார்கள். அங்கே கும்பிட்டுவிட்டு அப்படியே கார் ஏறிவிடுகிறவர்கள் பக்கத்திலிருக்கும் வைரவன்பட்டியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் பழைய ஆதங்கம். நாங்கள் வைரவன்கோயில் பங்காளிகள். நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்களில் அது ஒன்று. மகன் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்ததும், அவன் குடும்பத்தைப் புள்ளியாக, அதாவது கோயில் கணக்கில் ஒரு தனிக் குடும்பமாக, பதிந்ததும் அங்கேதான். ஆனால் நான் அடிக்கடி போவதற்குக் காரணம் அது இல்லை. காலை வேளையில் கோயிலில் கூட்டம் இருக்காது, கல் குளிர்ந்திருக்கும், ஆஞ்சநேயரை ராமர் வணங்குகிற அபூர்வமான சிற்பத்தை நிதானமாகப் பார்க்கலாம். தவிர, வைரவருக்கு வாகனம் நாய். தெருநாயை வீட்டுக்குள் விட்டதற்கு முகம் சுளித்த உறவுக்காரர்கள் எல்லாரும் அந்தச் சன்னதியில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்தான். நான் எதுவும் சொல்வதில்லை, பார்த்துக்கொண்டு நிற்பேன்.

திருமயத்துக்குப் பேத்தியோடு போனால்தான் ரசம். சேதுபதி மன்னர் 1687-ல் கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி. ஒரே மலையைக் குடைந்து அடிவாரத்தில் சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில். எனக்கு முழங்கால் வலி என்பதால் பாதியில் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அவளும் ஐயாவும் மேலே போய்ப் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். எல்லா இடத்தையும் எல்லாரும் பார்த்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது?

ஆத்தங்குடிக்கு ஒரு முறை எங்கள் வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டில், உடைந்த தரைக்கல்லுக்கு மாற்று வாங்கப் போனோம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வார்ப்பை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் சிமெண்டு வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். வார்ப்பைத் தூக்குகிற கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். தூக்கியதும் மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் பூசி மட்டம் பண்ணுகிறார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கிறது. பேத்தி அந்த நிமிஷம் வாய் பிளந்து நின்றாள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியிருந்தால் நின்றிருப்பாளா, தெரியாது. அந்தத் தரை நடக்க நடக்கத்தான் மெருகேறும் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். எங்கள் வளவில் அது கண்கூடு. நாங்கள் புழங்குகிற பக்கம் முகம் தெரிகிறது. பங்காளி பூட்டி வைத்திருக்கிற பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பாகவும் பேச வேண்டியிருக்கிறது. நம் பாரம்பரியம், பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கருச் சுவர் என்று முகநூலில் பதிவு போடுகிறவர்கள் பலருடைய வீடு வருஷத்துக்கு ஒரு நாள், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் திறக்கிறது. வெளிநாட்டில் வேலை, வர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு பங்குள்ள வீட்டை ஒரு பங்குக்காரர் என்ன செய்துவிட முடியும், அதுவும் சரிதான். ஆனால் ஓய்வு பெற்று, ஓய்வூதியம் வந்துகொண்டு, சென்னையில் பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் தொலைக்காட்சியே துணையாக உட்கார்ந்திருப்பவர்களும் உண்டல்லவா? அவர்களைத்தான் சொல்கிறேன். ஒரு கட்டில் போட இடமும் ஓர் அடுப்பும் போதும், மூன்று மாதம் வந்து இருந்து பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால் யார் வீட்டுத் தூணோ, யார் வீட்டு ஐயா படமோ விலைக்கு நிற்கிறது. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். விற்றது நாம்.

எங்கள் சாமான் அறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் வீட்டுக்காரரின் ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள். மேலே சிவமயம், அப்புறம் வரவு செலவு, அப்புறம் யார் யாருக்கு என்ன மொய் செய்ய வேண்டும் என்ற கட்டளை. கோடை விடுமுறையில் பேத்தியை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். அந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டி எழுத்துக்கூட்டிப் படித்தவள் ஓர் இடத்தில் நிறுத்திச் சிரித்தாள். கடைசி வரி: "செவலைப் பசுவுக்குக் கால் வீக்கம் வற்றியதா என்பதற்குப் பதில் இல்லையே, அவசியம் எழுதவும்." கடல் கடந்து லட்சத்தில் கணக்குப் பார்த்த மனுஷன் மாட்டின் கால் வீக்கத்துக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். "அப்பத்தா, நான் சீயத்தைக் கேக்குற மாதிரியே கேக்குறாரு" என்றாள். அன்றைக்கு முழுதும் அவள் கைபேசியைத் தொடவில்லை. இது போன்ற பெட்டிகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் கரையானுக்கு விடாதீர்கள். எங்கள் ஊர் ரோஜா முத்தையா நூலும் இதழும் நோட்டீசுமாகத் தேடிச் சேர்த்ததெல்லாம் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நோட்டீசையே ஒருவர் எடுத்து வைத்தார், நாம் கடிதத்தைக் கடையில் எடைக்குப் போடுகிறோம்.

தீபாவளி எனக்கு இப்போது பாதிப் பண்டிகைதான். முதல் வெடிச் சத்தத்துக்கே சீயம் இரண்டாம் கட்டுக்கு ஓடி, அண்டாவுக்குப் பின்னால் புகுந்துகொள்வான். பக்கத்திலேயே உட்கார்ந்து தடவிக்கொடுக்க வேண்டும். தெருப் பிள்ளைகளிடம் வெடிக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயக் கண்மாய் அவர்கள் ஊரிலும் இருக்கிறது. 1977-ல் அரசு அறிவித்த சரணாலயம். கூடு கட்டி முட்டை வைத்திருக்கிற பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. வனத்துறையினர் இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறார்கள். கண்மாய்க்குள் நிற்கும் கருவ மரங்களில் நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும் இடம் பிடிக்கப் போடுகிற சண்டையைப் பார்க்க வேண்டுமே, பங்கு பிரிக்கிற அன்றைக்கு எங்கள் வளவு இப்படித்தான் இருந்தது.

மழை இல்லாத வருஷம் கண்மாய் வறண்டு பறவைகளும் குறைந்துவிடும். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தால், கார்த்திகைக்கு மேல் பிள்ளையார் நோன்புக்கு மகன் குடும்பம் வருகிறபோது ஒரு காலை அங்கே போவதாக இருக்கிறோம். அந்தமான் போய் வந்த தோழிகள் யாராவது வருவதானால் சொல்லுங்கள், காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம், பதினொன்றுக்குத் திரும்பிவிடுவோம். இட்லியும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.