அந்தக் கேள்விக்கு ஆசிரியர் ஏன் பயப்படுகிறார்?

மசோதா எப்படிச் சட்டமாகிறது என்ற பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லி, "சார், இது சரியா தப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டான். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது மனதை உறுத்துகிறது.

பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். யாராவது பெற்றோர் புகார் கொடுப்பார்களோ, தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரிப்பாரோ, கட்சிக்காரன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். குடிமையியல் எடுக்கும் எத்தனையோ ஆசிரியர்களிடம் இதே பயத்தைப் பார்த்திருக்கிறேன். மாணவர்களை நல்ல குடிமக்களாக உருவாக்குங்கள் என்று ஆசிரியருக்கு எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் உருவாக்கும்போது பிரச்சினை வந்தால் உன் பக்கம் நிற்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. நம்மிடம் இல்லாதது புதிய பாடப்புத்தகம் அல்ல, இந்தத் துணைதான்.

மேற்கு ஜெர்மனியில் 1970களில் இதே சண்டை பெரிதாக நடந்தது. பள்ளியில் அரசியல் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று இடதும் வலதும் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் எதிரெதிர் கருத்துள்ள கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து மூன்று கொள்கைகள் திரண்டன. ஆசிரியர் தன் கருத்தைத் திணித்து மாணவன் சுயமாக யோசிப்பதைத் தடுக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருக்கும் விஷயம் வகுப்புக்குள்ளும் சர்ச்சையாகவே வைக்கப்பட வேண்டும். மாணவன் தன் நிலைமையையும் நலனையும் தானே அலசிப் பார்த்து, அதற்காக அரசியலில் இறங்கிச் செயல்படும் திறனைப் பெற வேண்டும். இது சட்டமாக்கப்படவே இல்லை, ஆனாலும் அங்கே அரசியல் கல்விக்கு இன்றுவரை இதுதான் அடிப்படை.

இரண்டாவது கொள்கையைக் கவனியுங்கள். மாணவனுக்காக எழுதப்பட்டதுபோல இருந்தாலும் அது ஆசிரியரையும் காப்பாற்றுகிறது. புகாரோடு வரும் பெற்றோரிடம், "இரண்டு தரப்பையும் சொல்லித்தர வேண்டியது என் கடமை, மறைத்திருந்தால்தான் தப்பு" என்று நிமிர்ந்து சொல்லலாம். அன்று எனக்கு இப்படி ஒரு பிடிமானம் இருந்திருந்தால், அந்தப் பையனிடம், "என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் இந்தச் சட்டத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நீயே பட்டியல் போடு" என்று சொல்லியிருப்பேன். இதற்காக எல்லாவற்றிலும் இரண்டு தரப்பு உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கூட்டத்து மனிதர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டா இல்லையா என்பது பட்டிமன்றத் தலைப்பே அல்ல, அந்த இடத்தில் ஆசிரியர் நடுநிலை பார்க்கவும் கூடாது.

சரி, கொள்கை இருந்தால் மட்டும் போதுமா? போதாது, பழக்கம் வேண்டும். இரண்டு பிள்ளைகள் கோபமாக மோதிக்கொள்ளும்போது என்ன செய்வது, வாட்ஸ்அப்பில் வந்த பொய்யை ஒருவன் ஆதாரமாக நீட்டும்போது அவனை அவமானப்படுத்தாமல் எப்படிச் சரிபார்க்க வைப்பது, பேசாமலே இருக்கும் பெண்ணை எப்படிப் பேச வைப்பது, இதையெல்லாம் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் நடித்துப் பார்த்துத்தான் பழக முடியும். பணியிடைப் பயிற்சி என்ற பெயரில் நாள் முழுக்க உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பதால் இது வராது. பல நாடுகளின் கல்வியை ஒப்பிட்டு ஆய்வு செய்யும் ஐஇஏ என்ற சர்வதேச அமைப்பு 2009, 2016, 2022 என்று பல நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய குடிமைக் கல்வி ஆய்வுகளில், பயமில்லாமல் விவாதிக்க முடிகிற வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குக் குடிமை அறிவும் பொதுவாகக் கூடுதலாக இருப்பது தெரிகிறது. அதாவது விவாதத்தால் பாடம் கெட்டுப்போகும் என்ற வாதத்துக்கு அங்கே ஆதரவு இல்லை.

அப்புறம் அதிகாரம். வகுப்புத் தலைவருக்குத் தேர்தல் வைக்கிறோம், ஓட்டுச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் முறையாக நடக்கிறது, ஜெயித்தவனுக்கு நாம் தரும் வேலை பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது! இதிலிருந்து பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? 1912இல் போலந்தின் வார்சாவில் தொடங்கிய அனாதை இல்லத்தில், அதை நடத்திய மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் குழந்தைகளே நீதிபதிகளாக இருக்கும் நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் முன் அவரும் நின்றிருக்கிறார். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 12ஆவது பிரிவில் சொல்கிறது. நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம், விளையாட்டு நேரத்தை எப்படிப் பிரிக்கலாம் என்பதையாவது அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். தப்பாக முடிவெடுத்தால் அடுத்த மாதம் அவர்களே மாற்றுவார்கள்.

இதையெல்லாம் ஆசிரியரிடம் கேட்பதற்கு முன், அவர் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் கூட்டத்தையும் எட்டிப் பாருங்கள். சுற்றறிக்கை வாசிக்கப்படும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், கூட்டம் முடிந்தது. கால அட்டவணையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேச முடியாமல் வெளியே வருகிறவர் அடுத்த பாடவேளையில் போய் ஜனநாயகம் நடத்த வேண்டும். தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தையாவது முன்கூட்டியே முடிவு செய்யாமல் கொண்டுவாருங்கள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.