"அது நார்மல் சார்"னு இன்னொரு தடவை யாரும் சொல்லாதீங்க

நாலாவது தடவை. நாலாவது தடவையா அதே சர்வீஸ் சென்டர்ல போய் நின்னு, அதே வலது பக்க ஹெட்லைட்டக் காட்டி, அதே பதிலக் கேட்டுட்டு வந்தேன். "மழைக்காலத்துல இது நார்மல் சார், லைட்டப் போட்டு ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்க, தானா போயிரும்." போகலங்க. மூணு மாசமா போகல. லைட்டோட கீழ் மூலையில ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி தேங்கி நிக்குது, பானட்டப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுனா அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலம்புறது நல்லாத் தெரியுது, நானே ஆட்டிக் காட்டுனேன், அதயும் பாத்துட்டு அந்த அட்வைசர் மறுபடி நார்மல்ங்குறார். எனக்கு வந்த ஆத்திரத்துல வாயில வார்த்தையே வரல.

ரெண்டு வேற வேற விஷயத்த ஒரே வார்த்தையப் போட்டு மூடுறாங்க, என் கோவமே அதுதான். கண்ணாடிக்கு உள்பக்கம் லேசா பனி படர்றது ஒண்ணு. உள்ள தண்ணி இறங்குறது இன்னொண்ணு. முதல்ல சொன்னது நார்மல்தான், நான் இல்லேங்கல. ஹெட்லைட்ங்குறது முழுசா அடைச்சு வச்ச டப்பா கிடையாது, அது மூச்சு விடணும். லைட்டு எரிஞ்சா உள்ள இருக்குற காத்து சூடாகி விரியும், 27 டிகிரில இருக்குற காத்து 77 டிகிரிக்குப் போனா ஆறுல ஒரு பங்கு கூடுதலா இடம் கேக்கும், போறதுக்கு வழி விடலேன்னா அந்த அழுத்தம் மொத்தமும் ஒட்டு போட்ட விளிம்புல போய் முட்டும். லைட்ட அணைச்சதும் திரும்ப ஆறும், சுருங்கும், வெளிக்காத்த உள்ள இழுக்கும். காத்தோட சேந்து ஈரமும் வரும். 30 டிகிரி சூட்டுல 80 சதவீதம் ஈரப்பதம் இருக்குற காத்து 26 டிகிரிக்கு இறங்குனாலே தண்ணியா மாற ஆரம்பிச்சிடும், வெறும் நாலு டிகிரி. மழை பட்டு முன்னாடி கண்ணாடி சில்லுனு ஆச்சுன்னா உள்ள இருக்குறதுலயே குளிர்ந்த இடம் அதுதான், ஆவி நேரா அங்க போய்ப் படியும். இது தெரிஞ்சுதான் கம்பெனிக்காரன் லைட்டுக்குப் பின்னாடி ஒரு வளைஞ்ச ரப்பர் குழாய வச்சிருக்கான், சில லைட்டுல காத்து மட்டும் போய் வர்ற, தண்ணி போகாத ஒரு சின்ன வட்டமான சவ்வ ஓட்டை மேல ஒட்டியிருக்கான். அந்த வழியாத்தான் உள்ள வந்த ஈரம் வெளிய போகணும்.

நார்மலான பனி எப்படி இருக்கும்னா, ரெண்டு லைட்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், பல்புக்குத் தள்ளி இருக்குற மூலையில மெலிசா வெள்ளையாப் படரும், லைட்டப் போட்டு ஓட்டுனா கொஞ்சம் கொஞ்சமா விளிம்பு உள்வாங்கி மறைஞ்சிடும். எல்ஈடி லைட்டா இருந்தா இன்னும் நேரம் எடுக்கும், ஏன்னா 55 வாட் ஹாலஜன் பல்பு தன்னோட சூட்ட வெளிச்சத்தோட சேத்து முன்னாடியும் அனுப்பும், கண்ணாடி காயும், எல்ஈடியோட சூடு பெரும்பாலும் பின்னாடி இருக்குற ஹீட் சிங்குக்கு, அதான் சூட்ட வாங்கி வெளிய விடுற உலோகத் துண்டுக்குப் போயிரும், முன்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். சரி. இதெல்லாம் நார்மல், ஒத்துக்குறேன். என் வண்டியில இருக்குறது ஹாலஜன். இடது பக்க லைட்டு பளிங்கு மாதிரி கிடக்கு. வலது பக்கம் மட்டும் சொட்டுச் சொட்டா வேர்த்து, சொட்டு ஒண்ணோட ஒண்ணு சேந்து கோடு கோடா வழிஞ்சு கீழ குட்டையா நிக்குது. ஒரே வண்டி, ஒரே மழை, ஒரே ரோடு, ஒரு பக்கம் மட்டும் எப்படிங்க நார்மல்? இந்த ஒரு கேள்விக்கு நாலு தடவையிலயும் யாரும் பதில் சொல்லல.

போன வாரம் ராத்திரி மழையில வரும்போது நடந்தத சொல்றேன், அப்பதான் இது ஏதோ அழகுப் பிரச்சனைன்னு நினைக்கிறவங்களுக்குப் புரியும். லோ பீம்தான் போட்டிருந்தேன். எதிர்ல வர்றவங்க வரிசையா ஹை பீம் அடிச்சு அடிச்சுக் காட்டுறாங்க, ஒருத்தர் ஹாரன அமுக்கிட்டே திட்டிட்டுப் போறாரு. எனக்குப் புரியவே இல்ல. அப்புறம் ஒரு சுவத்துக்கு முன்னாடி நிறுத்திப் பாத்தா, இடது பக்க வெளிச்சம் மேல கோடு கிழிச்ச மாதிரி ஒரு மட்டத்துல நிக்குது, வலது பக்கம் கோடே இல்ல, வெளிச்சம் சுவர் முழுக்க சிதறிக் கிடக்கு. ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி லென்ஸ் மாதிரி வெளிச்சத்த இஷ்டத்துக்குத் திருப்பி விடுது, ரோட்டுல விழ வேண்டியது எதிர்ல வர்றவன் கண்ணுல விழுது. எனக்கு முன்னாடி ரோடு மங்கல், அவனுக்கும் கண்ணு கூசுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குருடு. மழை, இருட்டு, ஓரத்துல நடந்து போற ஆளு, அத நினைச்சாலே வயித்தக் கலக்குது. இதத்தான் நார்மல்னு எழுதி, பாத்த வேலையக் குறிக்கிற ஜாப் கார்ட குளோஸ் பண்றாங்க.

ரெண்டாவது தடவை போனப்ப ஹீட் கன்ன வச்சுக் காய வச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, அடுத்த மழைக்குத் திரும்ப வந்துருச்சு. வராம என்ன செய்யும், தண்ணி வந்த வழிய யாருமே தேடலையே. மூணாவது தடவை போனப்ப ஒருத்தர் சிலிக்கான் டியூப எடுத்துட்டு வந்து லைட்டச் சுத்தி, பின்பக்கம், எங்கெல்லாம் இடுக்கு தெரியுதோ அங்கெல்லாம் பூசி விட்டுட்டாரு. வினிகர் மாதிரி ஒரு புளிச்ச வாடை அடிச்சுது. அந்த வாடை அசெட்டிக் ஆசிட் ஆவி, அது உள்ள போனா ரிஃப்ளெக்டருக்கு, அதான் பல்பு வெளிச்சத்த முன்னாடி திருப்பி விடுற பளபளப்பான கிண்ணத்துக்கு, ஆகாதுங்குறத அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அன்னைக்கு நம்பி நின்னுட்டு இருந்தேன். அந்தப் பூச்சுக்கு அப்புறம்தான் குட்டையே நிக்க ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி வெறும் சொட்டுதான்.

தெரிஞ்சவங்க கிட்ட சொன்னா ஆளுக்கு ஒரு வைத்தியம். சிலிக்கா ஜெல் பொட்டலத்த உள்ள போட்டு மூடிருன்னாங்க. அது கொஞ்ச நாள்ல ஈரத்த இழுத்து நிறைஞ்சிடும், அப்புறம் பல்பு சூடு பட்டா இழுத்தத திரும்ப உள்ளயே விட்டுரும், உருண்டு போய்ப் பல்புல ஒட்டுனா பொட்டலமே கருகிடும். இன்னொருத்தர் கீழ ஒரு ஓட்டை போட்டு விடு, தண்ணி வடிஞ்சிரும்ங்குறார். தயவு செஞ்சு யாரும் அத மட்டும் செய்யாதீங்க, தண்ணி வெளிய போற ஓட்டை வழியாத்தான் டயர் அடிக்கிற சேறும் தூசியும் உள்ள வரும், அப்புறம் அந்த லைட்ட யாராலயும் காப்பாத்த முடியாது. தண்ணி உள்ள வந்த ஓட்டை எதுன்னு தேடாம செய்யுற எந்த வேலையும் வேலையே கிடையாது, நான் இத கத்திச் சொல்லுவேன்.

(ஒரு காலத்துல இந்தத் தலைவலியே இவ்ளோ இல்ல. அமெரிக்காவுல 1940 மாடல் வண்டில இருந்து சீல்டு பீம்னு ஒண்ணு, லென்ஸ், ரிஃப்ளெக்டர், இழை எல்லாமே ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள்ள அடைச்சு வர்றது, பல்பு போனா மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும். 1983லதான் அங்க பல்ப மட்டும் மாத்துற மாதிரி லைட்டுக்கு அனுமதி குடுத்தாங்க. பல்பு மாத்தணும்னா பின்னாடி ஒரு மூடி வேணும். மூடின்னு ஒண்ணு வந்துச்சுன்னா அத ஒழுங்கா மூடத் தெரிஞ்ச ஆளும் வேணும்ல.)

நேத்து பொறுமை போயி, வயசான ஒரு மெக்கானிக் அண்ணன் கிட்ட வண்டியக் கொண்டு போனேன். அவர் எதுவும் பேசல. பம்பர லூஸ் பண்ணி லைட்டக் கையில எடுத்தார். பின்மூடியக் கழட்டுனார். மூடிக்கு உள்பக்கம் சுத்தி ஒரு கருப்பு ரப்பர் வளையம் இருக்கணும், பள்ளத்துல உக்காந்து இருக்கணும். என் வண்டியில அது ஒரு இடத்துல பள்ளத்த விட்டு வெளிய பிதுங்கி, முறுக்கிக்கிட்டு, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவுல மாட்டி நசுங்கி இருந்துச்சு. நசுங்குன இடத்துல ரப்பர் பட்டையாகி ஓரம் பிஞ்சிருக்கு, அதுக்கு நேரா விளிம்புல தண்ணி வழிஞ்ச தடம், சேறு காஞ்ச ஒரு பழுப்புக் கோடு, அப்படியே உள்ள வரைக்கும் போகுது. நகத்த வச்சு அந்தக் கோட்டக் காட்டிட்டு அண்ணன் சொன்னார், "மூடிய நேரா வச்சுத் திருப்பல தம்பி, சாய்ச்சு வச்சு அழுத்தித் திருப்பியிருக்காங்க, ரப்பர் மாட்டிக்கிச்சு." அவ்ளோதாங்க. மூணு மாசக் கதை அவ்ளோதான்.

அப்புறம் லைட்டத் திருப்பி மேல் மூலையக் காட்டுனார். அங்க இருந்த வளைஞ்ச ரப்பர் குழாயோட வாய் முழுக்க வெள்ளை சிலிக்கான். மூச்சு விடுற வாயயே அடைச்சு வச்சிருக்காங்க. கீழ ரப்பர் பிதுங்குன இடத்துல தண்ணி வருது, வந்த ஈரம் வெளிய போற வழி மேல அடைஞ்சு கிடக்கு, தேங்காம என்ன செய்யும். அவர் கிட்ட இந்த மாதிரி வர்ற வண்டியில நிறைய மூடி சமாச்சாரம்தானாம், ஃபேன் வச்ச எல்ஈடி பல்பு வாங்கி மாட்டிட்டு அது நீளமா இருக்குன்னு பின்மூடிய வெட்டுறது, இல்ல மூடியே போடாம விடுறது, அப்புறம் வாட்டர் வாஷ்ல பிரஷர் கன்ன பானட்டுக்குள்ள விட்டு லைட்டுக்குப் பின்னாடி நேரா அடிக்கிறது. ஒரு ரப்பர் வளையத்தயும் ஒரு குழாயயும் பாக்குறதுக்கு அவருக்கு எத்தனை நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க, லைட்டக் கழட்டுனதுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

ஆனா லேட் ஆயிடுச்சு. தண்ணி நின்ன மட்டத்துக்கு ரிஃப்ளெக்டர் கருத்துப் போச்சு. அது மேல இருக்குற வெள்ளி மாதிரிப் பூச்சு ரொம்ப ரொம்ப மெலிசான அலுமினியம், வெற்றிடத்துல ஆவியாக்கிப் படிய வைக்கிறது, துணி வச்சுத் துடைச்சாலே உரிஞ்சிடும், மாசக்கணக்குல தண்ணியில ஊறுனா கேக்கவே வேணாம். கருப்புத் திட்டு, ஓரத்துல தோல் உரிஞ்ச மாதிரி. கனெக்டர் பின்னு பச்சையா பூத்துப் போயிருந்துச்சு, அண்ணன் அத சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டார், அந்த ரிஃப்ளெக்டர அவராலயும் ஒண்ணும் பண்ண முடியல. லென்ஸும் பின்கூடும் பியூட்டைல் பசை போட்டு ஒட்டியிருக்கு, ரிஃப்ளெக்டர மட்டும் தனியா விக்கிறதும் இல்ல, மாத்தணும்னா முழு அசெம்ப்ளி. ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒரு முழு ஹெட்லைட். முதல் தடவை போனப்பவே மூடியத் திறந்து பாத்திருந்தா ரப்பர நேராக்கிட்டு வந்திருக்கலாம், இந்தச் செலவே இல்ல, அந்த ராத்திரியும் இல்ல.

காலையில போன் பண்ணி அசெம்ப்ளி வாரண்டியில வருமான்னு கேட்டேன். "வெளிய கழட்டியிருக்கீங்க, இனிமே நாங்க பாக்க முடியாது சார்"னு வச்சுட்டாங்க. நாலு தடவை நீங்க கழட்டலேங்குறதுக்காகத்தானே நான் வெளிய போய்க் கழட்டுனேன்? கை நடுங்குச்சு எனக்கு. அப்பதான் எதுக்கும் பாப்போம்னு பழைய பில் எல்லாத்தையும் எடுத்துத் தேடுனேன். முதல் கம்ப்ளைன்டுக்கு பன்னெண்டு நாளைக்கு முன்னாடி போட்ட ஒரு ஜாப் கார்டு. அதே சர்வீஸ் சென்டர், அதே சீல். நாலாவது வரியில தெளிவா இருக்கு: வலது ஹெட்லைட் பல்பு மாற்றியது.

அந்த மூடியக் கடைசியா சாய்ச்சு வச்சுத் திருப்புன கை அவங்க கைதான். அதுக்கப்புறம் அண்ணன் தொடுற வரைக்கும் வேற யாரும் அதத் திறக்கவே இல்ல. நசுங்குன ரப்பர ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன், சிலிக்கான் அடைச்ச குழாயயும் கழட்டி வாங்கிட்டு வந்துட்டேன், பழுப்புக் கோட்ட ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்துட்டேன், ஜாப் கார்டு அஞ்சையும் தேதி வரிசையா அடுக்கியாச்சு. நாளைக்குக் காலையில ஷட்டரத் திறக்கும்போது நான் அங்க நிப்பேன், இந்தத் தடவை அட்வைசர் கிட்ட பேசப் போறதில்ல, மேனேஜர் மேஜை மேல அந்த ரப்பர வச்சுட்டு, நாலாவது வரிய அவர் வாயால படிக்கச் சொல்லப் போறேன்.