வெற்று இலைத் தணிக்கை

(திருச்சியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தணிகாசலத்தின் வீட்டுக் கூடம். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மனைவியுடன் ஆறு நாள் இலங்கையில் சுற்றி, வண்ணத்துப்பூச்சிகளைப் படம் பிடித்துத் திரும்பியிருக்கும் அவர், கேமராவை ஒரு கேபிள் வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்துவிட்டார். பார்வையாளர் ஒருவரே: மகளின் மாமனார் வைத்தியலிங்கம். கணக்குத் தணிக்கைத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவர். சட்டைப் பையில் குறிப்பேடும் பேனாவும் இல்லாமல் வெளியே கிளம்பாதவர். சம்பந்தி வீட்டில் உண்ட மயக்கத்தில் கண்ணயர்வது முறையல்ல என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இருவரும் இலக்கணத் தமிழில் பேசிக்கொள்வது மரியாதையினால் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். திருமணப் பேச்சு நடந்த அன்று தமிழாசிரியர் அப்படித் தொடங்கிவிட்டார், மற்றவரால் பின்வாங்க முடியவில்லை என்பதே உண்மை.)

தணிகாசலம்: மொத்தம் 846 படங்கள், சம்பந்தி. முதல் படத்தைப் பாருங்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த சிங்கராஜ வனத்தின் உள்ளே எடுத்தது.

வைத்தியலிங்கம்: அருமையான இலை.

தணிகாசலம்: இலையைப் பார்க்காதீர்கள். அதன் மேல் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வண்ணத்துப்பூச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

வைத்தியலிங்கம்: எப்போது?

தணிகாசலம்: நான் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்பு வரை. காலையில் உடம்பு சூடேறும் வரை அவற்றால் சரியாகப் பறக்க முடியாது, ஆகையால் அந்த நேரத்தில்தான் நெருங்க வேண்டும் என்று படித்திருந்தேன். நான் நெருங்கியபோது என் நிழல் அதன் மேல் விழுந்துவிட்டது. நிழல் விழுந்தால் பறவை வந்துவிட்டதென்று அது நினைத்துக்கொள்ளும்.

வைத்தியலிங்கம்: அடுத்த படமும் அதே இலைதானே?

தணிகாசலம்: அது திரும்பி வரக்கூடும் என்று காத்திருந்தேன். இந்த இடத்தில் 23 படங்கள் இருக்கின்றன, விரைவாகத் தள்ளிவிடுகிறேன்.

(வைத்தியலிங்கம் குறிப்பேட்டை எடுக்கிறார். "சும்மா ஒரு நினைவுக்காக" என்கிறார். தணிக்கைக்குப் போன இடமெல்லாம் அவர் இப்படித்தான் தொடங்குவாராம்.)

வைத்தியலிங்கம்: இதில் இலைகூட இல்லையே, சம்பந்தி. வெறும் வானம்.

தணிகாசலம்: சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியில், ஓடும் வேனிலிருந்து எடுத்தவை. சிங்களத்தில் அந்த மலைக்குச் சமனல கந்த என்றும் பெயர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இடம்பெயரும். அவை அந்த மலையை வணங்கப் போகின்றன என்பது அந்த நாட்டு மக்களின் நம்பிக்கை. சாலையின் இரு பக்கமும் மஞ்சள் காகிதத்தைக் கிழித்துத் தூவியது போல இருந்தது. அந்தக் காட்சியை எப்படி விவரிப்பேன்!

வைத்தியலிங்கம்: தாங்கள் விவரித்துத்தான் ஆக வேண்டும், படத்தில் தந்திக் கம்பி மட்டும் தெரிகிறது. மலை ஏறினீர்களா?

தணிகாசலம்: 2,243 மீட்டர் உயரம். ஏறுவதென்று கொழும்பில் இறங்கும்போதே உறுதி பூண்டிருந்தேன். அடிவாரத்தில் நின்று படிக்கட்டைப் பார்த்த தங்கள் சம்பந்தியம்மாள், பூச்சிகளுக்குச் சிறகு இருக்கிறது என்ற ஒரே வாக்கியத்தில் அந்த உறுதியை முடித்துவைத்தார்.

வைத்தியலிங்கம்: இது என்ன, ஓடைக்கரையில் பெரிய கறுப்பு வட்டம்? கிரகணமா?

தணிகாசலம்: குடை. தங்கள் சம்பந்தியம்மாளுடையது. இங்கேதான் என் நெஞ்சு வெடித்தது, சம்பந்தி. ஈர மணலில் முப்பது நாற்பது பூச்சிகள், சிறகை மூடி வரிசையாக, பந்தியில் உட்கார்ந்தது போல் உறிஞ்சிக்கொண்டிருந்தன. பூந்தேனில் உப்புச் சத்து மிகக் குறைவு என்பதால் சேற்றிலிருந்து சோடியத்தை எடுத்துக்கொள்கின்றன. அப்படி வந்து உட்காருபவை பெரும்பாலும் ஆண்கள்தாம். சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடுகின்றன. அது முட்டைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

வைத்தியலிங்கம் (பேனாவை மூடியபடி): அதாவது, பூச்சிகளிடத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர் செய்வது வழக்கம் என்று சொல்ல வருகிறீர்கள்.

தணிகாசலம்: நான் எதையும் சொல்ல வரவில்லை, சம்பந்தி. சோடியத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

வைத்தியலிங்கம்: சரி, குடை எப்படி வந்தது?

தணிகாசலம்: வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து ஆறடி தூரத்துக்கு வந்துவிட்டேன். அந்தக் கணத்தில் அவருடைய கணுக்காலில் ஓர் அட்டை ஏறிவிட்டது. முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறையை வாடகைக்கு எடுக்கலாம் என்று வழிகாட்டி சொன்னபோது வீண் செலவென்று மறுத்தவன் நான். ஆகையால் அவர் கத்தியதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அட்டையை விரட்டுவதற்கு எதற்காகக் குடையை விரித்தார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

(சமையலறையிலிருந்து பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் ஓசையுடன் வைக்கப்படுகிறது. இருவரும் சற்று நேரம் திரையை மட்டும் பார்க்கிறார்கள்.)

வைத்தியலிங்கம் (குரலைத் தாழ்த்தி): வலையைப் போட்டு ஒன்றைப் பிடித்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்து, சாவகாசமாகப் படம் எடுத்திருக்கலாமே?

தணிகாசலம்: கூடவே கூடாது. வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. காட்டுக்குள் வலையோடு நுழைந்தால் சிறைக்குள் இருந்து சிலந்தியைத்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

வைத்தியலிங்கம்: இந்தப் படத்தில் தங்கள் முகமே இருக்கிறது.

தணிகாசலம்: அதை எடுத்தவர் வழிகாட்டி. கேமராவின் மேல் பாருங்கள், ஒரு சிறு பழுப்புத் தீற்றல். என் கைவியர்வையின் உப்பைத் தேடி ஒரு பூச்சி கேமராவின் மேலேயே வந்து அமர்ந்துவிட்டது. 11 நிமிடங்கள் அசையவில்லை. கையில் கேமரா இருந்தும் உலகத்தில் அந்த ஒரு பூச்சியை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. வழிகாட்டியோ பூச்சியை விட்டுவிட்டு என் முகத்தைத் தெளிவாக எடுத்திருக்கிறார்.

வைத்தியலிங்கம் (எழுந்து, கைக்குட்டையால் திரையைத் துடைக்கிறார்): இங்கே ஒரு தூசி படிந்திருக்கிறது, போகமாட்டேன் என்கிறது.

தணிகாசலம்: அதைத் துடைக்காதீர்கள்! அதுதான் இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பொன்னழகி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு உடன்பிறந்தாள் மாதிரி; ஆனால் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. கரும்பட்டில் முன்சிறகு, மாம்பழ மஞ்சளில் பின்சிறகு. மர உச்சிகளுக்கு மேலே, தென்னை உயரத்தில்தான் பெரும்பாலும் பறந்தது. என் லென்ஸோ அரை அடி தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது.

வைத்தியலிங்கம்: தென்னை உயரத்தில் பறப்பதற்கு அரை அடி லென்ஸ். சரி. அடுத்து ஒரு வெள்ளை ஆவி தெரிகிறது.

தணிகாசலம்: அது பெரிய வெள்ளைப் பூச்சி. மாடியிலிருந்து காகிதத்தை விட்டால் எப்படி ஆடி ஆடி இறங்குமோ அப்படி மிதக்கும். அதன் உடம்பில் நஞ்சு இருப்பதால் பறவைகள் தொடுவதில்லை. ஆகவே அதற்கு எந்த அவசரமும் கிடையாது. காட்டுக்குள் வெளிச்சம் போதாததால், நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. ஐந்நூறில் ஒரு பங்காவது இருந்தால்தான் சிறகு தெளியும்.

வைத்தியலிங்கம்: இவ்வளவு மெதுவாகப் பறப்பதுமா தெளியவில்லை?

தணிகாசலம்: அது மெதுவாகத்தான் பறந்தது. நான்தான் வேகமாக நடுங்கினேன்.

வைத்தியலிங்கம்: ஆகா, இதோ! இது பூச்சி, சந்தேகமே இல்லை. ஆனால் முகம் மங்கலாகவும் வால் பளிச்சென்றும் இருக்கிறதே?

தணிகாசலம்: இவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் சில மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும், ஆகையால் கண்ணைக் குறிவைக்க வேண்டும் என்பது விதி. நானும் கண்ணைத்தான் குறிவைத்தேன். இந்தச் சின்ன நீலன் இனத்தில் சில, பின்சிறகின் நுனியில் பொய்க்கண்ணும், உணர்கொம்பு போல் இரண்டு வாலும் வைத்துக்கொண்டு, உட்கார்ந்ததும் அவற்றை ஆட்டிக்கொண்டே இருக்கும். பறவை தலையென்று நினைத்து வாலைக் கொத்தும். பூச்சி உயிர் தப்பிவிடும்.

வைத்தியலிங்கம்: பறவைக்கு வைத்த பொறியில் தாங்கள் விழுந்திருக்கிறீர்கள். எழுநூறாவது படம் வந்துவிட்டது. இங்கே ஓர் இடைக்கால அறிக்கை தரலாமா? தவறாக நினைக்க மாட்டீர்களே?

தணிகாசலம்: சொல்லுங்கள், சொல்லுங்கள்.

வைத்தியலிங்கம்: வெற்று இலையும் வெற்றுப் பூவும் 412. வானம் 131. தெளிவற்ற தோற்றங்கள் 143. குடை 9. வண்ணத்துப்பூச்சி எனக் கொள்ளத்தக்கவை, வாலையும் சேர்த்து, 5. லென்ஸ் என் மகன் வாங்கிக் கொடுத்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் விலை 58,000 ரூபாய். ஆக, பூச்சி ஒன்றுக்கு 11,600 ரூபாய் ஆகியிருக்கிறது. விமானக் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை.

தணிகாசலம் (பெருமூச்சுடன்): எல்லாவற்றையும் தந்துவிடுவேன், அந்த நீலம் ஒன்று கிடைத்திருந்தால். சிங்கராஜத்தில் இரண்டு நாளும் என்னை அலைக்கழித்த பூச்சி அது. பறக்கும்போது மயில் கழுத்து நிறம் பளீரென்று மின்னும்; ஒரு மரத்தடியில் இறங்கும்; ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பூக்களுக்கு வருவதில்லை, அழுகிய பழத்துக்கும் மரப்பிசினுக்கும்தான் வருமாம். வழிகாட்டி "இங்கேதான், இங்கேதான்" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய இடத்தில் சருகுதான் கிடந்தது. போகட்டும். இனி வருபவை பயனற்றவை, அழித்துவிடலாம். ஒளி அளவைச் சரிபார்ப்பதற்காக ஒரு காய்ந்த இலையைப் பன்னிரண்டு முறை எடுத்தேன்.

வைத்தியலிங்கம்: சம்பந்தி, இந்த இலை அற்புதமாக விழுந்திருக்கிறதே! நரம்புகூடத் தெளிவாகத் தெரிகிறது.

தணிகாசலம்: அது ஓடாது, பறக்காது. ஆறு நாளில் எனக்கு ஒத்துழைத்த ஒரே பொருள் அந்தச் சருகுதான். அழித்துவிடுகிறேன்.

(அழிக்கத் தொடங்குகிறார். ஒவ்வொன்றாகப் பதினொரு படங்கள் போகின்றன. பன்னிரண்டாவதில் விரல் வைத்தபோது வைத்தியலிங்கம் கையை உயர்த்துகிறார். அந்தக் கை உயர்ந்தால் அந்நாளில் அலுவலகங்களில் காசாளர்களுக்கு வியர்க்கும்.)

வைத்தியலிங்கம்: சற்றுப் பொறுங்கள். இதற்கு அடுத்த படத்தைக் காட்டுங்கள். அதே மரம், அதே பாசி, அதே எறும்பு. இலை எங்கே?

தணிகாசலம்: காற்றில் விழுந்திருக்கும்.

வைத்தியலிங்கம்: பக்கத்தில் தொங்கும் சிலந்தி நூல்கூட அசையாத இடத்தில் ஏது காற்று? மேலும், வலது மூலையில் நீலமாக ஏதோ இழுபட்டிருக்கிறதே, அது என்ன? மீண்டும் இலைக்கு வாருங்கள், பெரிதாக்குங்கள். காம்பின் பக்கமாக... இலைக்குக் கால் உண்டா, சம்பந்தி?

தணிகாசலம் (கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு): நான்குதானே இருக்கின்றன. பூச்சிக்கு ஆறு கால். ஆகவே இது... இது... (நாற்காலியில் உட்காருகிறார்.) வண்ணத்துப்பூச்சிகளில் வரியன் என்னும் குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும், பார்த்தால் நான்குதான் தெரியும். ஐயோ! சிறகின் அடிப்பக்கம் அச்சாகச் சருகு, மேற்பக்கம் நீலம். மூடினால் இலை, திறந்தால் மயில் கழுத்து. பன்னிரண்டு முறை எனக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது! பதினொன்றைத் தங்கள் முன்னிலையிலேயே அழித்துவிட்டேன்!

வைத்தியலிங்கம்: பன்னிரண்டாவது என் ஆட்சேபணையால் தப்பியது. கொள்ளத்தக்கவை ஆறு என்று திருத்திவிட்டேன். பூச்சி ஒன்றுக்கு 9,667 ரூபாயாகக் குறைகிறது. ஆனால் இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது.

தணிகாசலம்: என்ன சிக்கல்? உடனே மாப்பிள்ளைக்கு இதை அனுப்பிவிட்டு, இருவரும் சற்றுச் சாய்ந்து ஓய்வெடுக்கலாமே. எனக்குக் கண் எரிகிறது.

வைத்தியலிங்கம் (குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு): இதையும் தாங்கள் வெற்று இலை என்றுதான் சொன்னீர்கள். அப்படியானால் நான் வெற்று இலை என்று குறித்த 412 பதிவுகளும் இப்போது ஐயத்துக்குரியவை. ஒவ்வோர் இலையையும் கால் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கையெழுத்திட முடியாது. முதல் படத்திலிருந்து வாருங்கள், பெரிதாக்கியே காட்டுங்கள். இரவு உணவுக்கும் நான் இங்கேதான் இருப்பேன் என்று சம்பந்தியம்மாளிடம் தெரிவித்துவிடுங்கள்.